பழைய டிராக்டருக்குப் புதிய கைகள்

கிள்ளான் நகரின் புறத்தே, தகரக் கூரை வேய்ந்த பட்டறை ஒன்றில், சாம்பல் நிறத்துப் பழைய டிராக்டர் ஒன்று சில வாரங்களாக நின்றுகொண்டிருந்தது. பெர்குசன் டி.இ.20 என்னும் இனத்தைச் சேர்ந்தது அது. இவ்வின டிராக்டர்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டவை. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய தம் தந்தையார் ஏலத்தில் எடுத்த வண்டி இது என்றார் அதன் உடைமையாளர். அவருக்குச் சில ஏக்கர் ரப்பர் உண்டு. உர மூட்டைகளைச் சுமக்கவும், வரிசைகளுக்கிடையே வளரும் புல்லை வெட்டவும் அவருக்கு அவ்வண்டி தேவைப்பட்டது. ஆனால் கருவிகளைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் பகுதி என்றோ பழுதடைந்து, உள்ளிருந்த பம்பும் காணாமற் போயிருந்தது.

"இஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை, ஐயா. கைதான் இல்லை" என்றார் அவர்.

இவ்வினத்து வண்டிகளுக்கு உதிரிப் பாகங்கள் இன்றும் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. எனினும் அவற்றை வரவழைக்கும் செலவைக் கணக்கிட்ட உடைமையாளர் மலைத்துப் போனார். ஆகவே வெளியிலிருந்தே ஒரு தூக்கியைச் செய்து பொருத்துவது என்று முடிவாயிற்று. அதைச் செய்ய ஒப்புக்கொண்ட பட்டறைப் பெரியவர், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தந்தையார் இரயில்வேயில் ஃபிட்டர். இன்று கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்து நிற்கும் இடம் 2001க்கு முன் எப்படி இருந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டால் பொழுது போவதே தெரியாது. அதை வேறொரு முறை எழுதுவோம்.

இக்கட்டுரையைப் படிக்கும் தோழர்களுள் பட்டறையில் வேலை செய்வோர் சிலராகவே இருப்பர். ஆனால் டிராக்டருக்குப் பின்னால் நின்று மூட்டை ஏற்றாதவர், கொக்கியில் ஆணி பூட்டாதவர், சேற்றில் புதைந்த வண்டிக்குச் சங்கிலி மாட்டாதவர் நம் தோட்டங்களில் குறைவு. நாம் சிறுவராக வாழ்ந்த தோட்டத்தில் இடக் கையில் மூன்று விரல்களை இழந்த ஒருவர் இருந்தார். பிள்ளைகள் கேட்டால், "டிராக்டர் தின்றுவிட்டது" என்று சொல்லிச் சிரிப்பார். தூக்கி நிறுத்திய பெட்டியின் அடியில் அவர் கை வைத்திருந்த நேரத்தில் பெட்டி இறங்கிவிட்டது என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம். ஏன் இறங்கியது என்பதை அன்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு இந்தப் பட்டறையில் நமக்குக் கிட்டியது.

எண்ணெய் எப்படித் தூக்குகிறது?

ஆசிரியப் பயிற்சி பெற்ற பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஆகவே முதலில் ஒரு சிறு பாடம். ஊசி போடும் சிரிஞ்சுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிறியது, மற்றது பெரியது. ஊசிகளை நீக்கிவிட்டு, இரண்டையும் ஒரு மெல்லிய குழாயால் இணைத்துத் தண்ணீரால் நிரப்புங்கள். காற்றுக் குமிழி இருத்தலாகாது. சிறியதை ஒரு விரலால் அழுத்தினால் பெரியது மேலெழும். அதன்மேல் ஒரு புத்தகத்தை வைத்தாலும் தூக்கிவிடும்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் அத்திரவம் முழுவதும் ஒரே அளவாகப் பரவும் என்பதே இதன் விதி. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதனை ஆராய்ந்தெழுதிய நூல், அவர் 1662இல் மறைந்த பின்னர், 1663இல் வெளிவந்தது. சிறிய சிரிஞ்சின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியதன் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். சிறியதன்மேல் 1 கிலோ அழுத்தினால் பெரியதன்மேல் 10 கிலோ எழும்பும். ஆனால் பெரியது 1 சென்டிமீட்டர் உயரச் சிறியது 10 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். விசையில் பெறுவதைத் தூரத்தில் இழக்கிறோம். இயற்கை இலவசமாக எதையும் தருவதில்லை. ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயக் கைவினைஞர் 1795இல் இவ்விதியைக் கொண்டு அழுத்தப் பொறி ஒன்றை உருவாக்கினார். லாரிச் சக்கரம் மாற்றும்போது நாம் அடியில் வைக்கும் ஜாக்கியும் அந்தப் பொறியின் வழிவந்ததே.

பெர்குசன் கண்ட வழி

இந்த அழுத்தத்தை டிராக்டரின் பின்புறத்தில் உழைக்க வைத்தவர் ஹாரி பெர்குசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாமே செய்த விமானத்தில் 1909 டிசம்பர் 31ஆம் நாள் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர் என்னும் பெயர் பெற்றவர். முதல் உலகப் போரின்போது, அயர்லாந்தில் உழவு டிராக்டர்களின் வேலையைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கேதான் அவர் ஒரு குறையைக் கண்டார்.

அந்நாளைய டிராக்டர் கலப்பையைக் குதிரை போலவே இழுத்தது. கலப்பை தனி, டிராக்டர் தனி, இடையே ஒரு கொக்கி. கலப்பை மண்ணுக்குள் ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் என்னவாகும்? குதிரை நின்றுவிடும்; டிராக்டரின் இஞ்சின் நிற்காது. பின்சக்கரங்கள் சுழல முடியாதபோது இஞ்சினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்புகிறது. முன்சக்கரங்கள் மேலெழ, வண்டி ஓட்டியின்மேல் மல்லாந்து கவிழும். இவ்வகையில் மாண்டவர் பலர்.

பெர்குசனும் அவருடைய கைத்துணைவர் வில்லியம் சாண்ட்ஸும் கலப்பையை டிராக்டரின் உடலோடு ஒன்றாக்க முயன்றார்கள். கீழே இரண்டு தண்டுகள், மேலே ஒரு தண்டு, ஆக மூன்று முனைகளில் கருவி பிணைக்கப்படும். கீழ்த் தண்டுகள் கருவியை இழுக்கும். கருவி எதிலாவது மாட்டினால் அது முன்னோக்கிச் சாய முயன்று மேல் தண்டை டிராக்டரை நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் டிராக்டரின் முன்பாகத்தைத் தரையில் அழுத்தும். எந்த விசை முன்பு ஆளைக் கொன்றதோ, அதே விசை இப்போது வண்டியைத் தரையில் நிறுத்துகிறது. இதனோடு ஹைட்ராலிக் தூக்கியும் சேர்ந்தது. மேல் தண்டின் தள்ளலைக் கொண்டே, மண் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை வால்வு உணர்ந்து, கலப்பையைத் தானே சற்று உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.

இதற்கான காப்புரிமை 1926இல் கிடைத்தது. ஆனால் எண்ணம் இரும்பாக மாற ஆண்டுகள் பிடித்தன. 1933இல்தான் கறுப்பு வண்ணம் பூசிய முதல் மாதிரி டிராக்டர் உருவாயிற்று. 1936இல் விற்பனைக்கு வந்தது. 1938இல் அமெரிக்காவுக்குச் சென்று ஹென்றி ஃபோர்டின் முன்னிலையில் உழுது காட்டினார் பெர்குசன். இருவரும் எழுத்தில் எதுவும் செய்துகொள்ளாமல் கைகுலுக்கியே தொழில் உடன்பாடு கண்டனர். அந்தக் கைகுலுக்கல் பின்னாளில் பெரும் வழக்கில் முடிந்து, 1952இல் பெர்குசனுக்கு 92½ லட்சம் டாலர் கிடைத்தது என்பது வேறு கதை. (வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கடன் கொடுப்போர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.)

கோவென்ட்ரியில் பிறந்த சாம்பல் நிற டி.இ.20 ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது பெர்குசன் டிராக்டர்களில்தான். 1953இல் மாஸே-ஹாரிஸ் நிறுவனத்துடன் பெர்குசன் இணைந்த பிறகு வந்ததே நமக்குப் பழக்கமான சிவப்பு நிற மாஸே பெர்குசன். தமிழ்நாட்டில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் சென்னை செம்பியத்தில் அதே வழித்தோன்றல்களைச் செய்யலாயிற்று. இன்று எந்த நிறுவனத்து டிராக்டரைப் பார்த்தாலும் பின்புறத்தில் அந்த மூன்று முனைகள் இருக்கும்.

மூன்று டன் எங்கே போயிற்று?

கிள்ளான் பட்டறைக்குத் திரும்புவோம். பெரியவர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் வரைந்து வேலையை விளக்கினார். டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. எனப்படும் சுழல்தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. இஞ்சினின் சுழற்சியை வெளியே தரும் தண்டு அது; நிமிடத்துக்கு ஏறத்தாழ 540 முறை சுழலும். அதில் ஒரு பற்சக்கர பம்பு. பம்பு எண்ணெயைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி வால்வுக்கு அனுப்பும். நெம்பை உயர்த்தினால் எண்ணெய் சிலிண்டருக்குப் போகும். நடுவில் நிறுத்தினால் தொட்டிக்கே திரும்பும். தாழ்த்தினால் சிலிண்டரில் உள்ள எண்ணெய் வெளியேறிக் கருவி தன் எடையாலேயே இறங்கும். கீழ்நோக்கி அழுத்தும் விசை இதில் இல்லை. வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பக் கருவி மிதந்து செல்ல வேண்டும் அல்லவா?

சிலிண்டரின் உள்விட்டம் 63 மில்லிமீட்டர். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ. காரின் டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 2 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். 31ஐ 100ஆல் பெருக்கினால் 3,100 கிலோ!

"மூன்று டன் தூக்குமா, அண்ணே?" என்று உடைமையாளர் வியப்போடு கேட்டார்.

"சிலிண்டர் தூக்கும், தம்பி. வண்டி தூக்காது" என்றார் பெரியவர்.

நாம் அந்தக் கணக்கைக் குறித்துக்கொண்டோம். சிலிண்டர் தள்ளுவது ஒரு குறுக்குத் தண்டில் உள்ள 10 சென்டிமீட்டர் நீளமான குட்டைக் கையை. அதே தண்டின் மறுபுறத்தில் 25 சென்டிமீட்டர் நீளமான தூக்குக் கை. நெம்புகோல் விதிப்படி 3,100 கிலோ அங்கே 1,240 கிலோவாகக் குறைகிறது. தூக்குக் கையிலிருந்து தொங்கும் கம்பி, கீழ்த் தண்டை அதன் நடுவில் பிடித்திருக்கிறது. ஆகவே தண்டின் நுனியில், அதாவது கருவி மாட்டும் இடத்தில், மிஞ்சுவது அதில் பாதி: 620 கிலோ. மூன்று டன் எங்கே போயிற்று? தூரமாக மாறிவிட்டது. பிஸ்டன் 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் நுனி 60 சென்டிமீட்டர் உயர்கிறது. சிரிஞ்சில் பார்த்த அதே கணக்கு, தலைகீழாக.

அவ்வளவு உயர எவ்வளவு நேரம் ஆகும்? பிஸ்டன் 12 சென்டிமீட்டர் நகர 370 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் பம்பு அதை இரண்டேகால் வினாடியில் தந்துவிடும். இதற்கு இஞ்சினிலிருந்து செலவாகும் ஆற்றல் இரண்டேகால் குதிரைத்திறன் அளவே. பெரிய பம்பு வைத்தால் இன்னும் விரைவாகத் தூக்கும் என்று உடைமையாளர் சொன்னபோது பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். அவருக்கு விரைவு தேவையாக இருக்கவில்லை.

தூக்க முடிந்த 620 கிலோவையும் சுமத்தலாமா என்றால் அதுவும் கூடாது. பின்னச்சுக்கு அப்பால் தொங்கும் எடை, ஊஞ்சல் பலகை போல முன்சக்கரங்களை உயர்த்தப் பார்க்கும். அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 300 கிலோ தொங்குகிறது என்றும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1.8 மீட்டர் என்றும் கொண்டால், முன்சக்கரங்களின்மேல் 200 கிலோ குறைந்துவிடும். சமதரையில் ஸ்டீயரிங் இலேசாவதை ஓட்டுநர் உணர்வார். மேட்டில் ஏறும்போது உணர்ந்து பயனில்லை. குன்றுச் சரிவில் நட்ட ரப்பருக்குள் வண்டி ஓட்டும் தோழர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் வண்டிக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது.

செய்முறையில் சில

டி.இ.20க்குச் சட்டகம் என்று தனியாக ஒன்று இல்லை. இஞ்சினும் கியர்ப் பெட்டியும் பின்னச்சுக் கூடும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக இருக்கின்றன. அந்தக் கூடுகள் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பின்மேல் வெல்டிங் செய்து தாங்கிகளை ஒட்டினால் சூட்டில் அதன் அருகே மயிரிழை விரிசல் விழும். அன்று தெரியாது, ஆறு மாதம் கழித்துப் பாரத்தோடு பிளக்கும். ஆகவே பெரியவர் வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுத் துளைகளுக்கு ஏற்பத் தடித்த எஃகுத் தகடுகளை வெட்டித் துளையிட்டு, உறுதி மிக்க போல்ட்டுகளால் முடுக்கினார். வெல்டிங் எல்லாம் தகட்டோடு தகடுதான். வண்டியில் ஒரு பொறிகூடப் படவில்லை.

சிலிண்டர் கடையில் வாங்கியது. தண்ணீர்க் குழாயை வெட்டி அடைத்துச் சிலிண்டர் செய்தவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். "தண்ணீருக்குச் செய்த குழாய் தண்ணீருக்குத்தான்" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். ஹோஸ் குழாயும் அப்படியே. நல்ல ஹைட்ராலிக் ஹோஸ், வேலை அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கில்தான் வெடிக்கும் என்ற அளவில் செய்யப்படுகிறது. வெயிலில் கிடந்து இறுகிய பழைய ஹோஸில் அந்த நான்கு மடங்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை வெளித்தோற்றம் காட்டாது.

ரிலீஃப் வால்வு என்னும் சிறு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிஸ்டன் மேல் எல்லையைத் தொட்ட பின்னும் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சுருங்காது. போக வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி, எது மெலிந்ததோ அது வெடிக்கும். ரிலீஃப் வால்வு குறித்த அழுத்தத்தில் தானே திறந்து எண்ணெயைத் தொட்டிக்கு விடுகிறது. "இன்னும் இரண்டு மூட்டை தூக்கட்டும்" என்று அதன் திருகை இறுக்குவது சில இடங்களில் வழக்கமாம். அவ்வாறு இறுக்குபவர் பாரத்தைக் கூட்டவில்லை. வெடிக்கும் இடத்தை வால்விலிருந்து தம் முகத்துக்கு அருகே மாற்றிக்கொள்கிறார்.

எண்ணெய்த் தொட்டிக்கு வடிகட்டியும், மழை நீர் புகாத மூடியும் வேண்டும். நம் நாட்டின் மழையில் தண்ணீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். நமக்குச் சோறு போடும் பாலை நன்கறிந்த நாம், இந்தப் பாலையும் கண்டதும் அறிய வேண்டும். கண்டால் எண்ணெயை மாற்ற வேண்டும்.

அருகில் நிற்பவருக்கு

ஹைட்ராலிக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கலாகாது. ஹோஸில் ஊசித் துளை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பீய்ச்சும். தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஒரு முள் குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகம் இராது. ஆனால் உள்ளே சென்ற எண்ணெய் தசையை அழித்துக்கொண்டு போகும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் விரலை, சில வேளை கையையே, இழக்க நேரிடும். மருந்துக் கட்டோடு வீட்டுக்கு வந்துவிடாமல், "அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் புகுந்தது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும். ஈரம் அதில் படும்.

அடுத்தது சங்கிலி. மரத்தூரையோ புதைந்த டிரெய்லரையோ இழுக்கும்போது சங்கிலியை மேல் தண்டின் முனையிலோ பின்னச்சின்மேலோ மாட்டுவோர் இருக்கிறார்கள். உயரத்தில் மாட்டினால் நன்றாக இழுக்கும் என்பது அவர்களின் எண்ணம். பெர்குசனின் மூன்று முனைகள் கருவியோடு சேர்ந்தே காக்கின்றன; வெறும் சங்கிலியை மேல் முனையில் மாட்டினால் அது நேர்மாறாக வண்டியைப் பின்னோக்கிக் கவிழ்க்கும். ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் மீள முடியாத நிலையை வண்டி அடைந்துவிடும். கிளட்சை மிதிக்கக் கால் எட்டுமுன் எல்லாம் முடிந்திருக்கும். பின்னச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் சங்கிலி மாட்டப்பட வேண்டும்.

இவை ஓட்டுநரின் பொறுப்பு மட்டுமல்ல. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டது. அதே நாளில் திருத்தம் பெற்று நடைமுறைக்கு வந்த 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையில் உள்ள அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிடும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. முட்டுக் கொடுக்காத பாரத்தின் அடியில் புகச் சொன்னால் மறுக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை அறிந்திருப்பது நலம்.

சோதனை நாள்

வேலை முடிந்ததாகச் செய்தி வந்ததும் மீண்டும் கிள்ளானுக்குச் சென்றோம். தகடுகளுக்கும் கைகளுக்கும் சாம்பல் வண்ணம் பூசியிருந்தது. எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரு சிறு கருத்து வேறுபாடு மட்டும் தீராமல் இருந்தது. சிலிண்டரின் வாயிலேயே ஒரு பூட்டு வால்வு வைக்க வேண்டும் என்பது பெரியவரின் கட்சி. நெம்பு வால்வு ஒன்று இருக்கும்போது மற்றொன்று எதற்கு, வீண் செலவுதானே என்பது உடைமையாளரின் கட்சி.

"வைத்துப் பார்த்துவிடுவோமே" என்றார் பெரியவர்.

பின்புற மேடையில் 50 கிலோ மணல் மூட்டைகள் எட்டு அடுக்கப்பட்டன. உடைமையாளர் நெம்பை உயர்த்தினார். 400 கிலோவும் சத்தமின்றி எழுந்தது. முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரியவர் மேடைக்கு ஒரு சாண் கீழே இருக்குமாறு இரண்டு கனத்த மரக்கட்டைகளை முட்டாக நிறுத்தினார். மேடையின் உயரத்தைச் சுவரோரக் கம்பம் ஒன்றில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தார். பிறகு எல்லாரும் தேநீர் குடிக்கப் போனோம்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது நெம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மேடை மட்டும் குறிக்குக் கீழே 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

நாம் தாளில் கணக்குப் போட்டோம். நுனி 4 சென்டிமீட்டர் என்றால் பிஸ்டன் 8 மில்லிமீட்டர். வெளியேறிய எண்ணெய் 25 கன சென்டிமீட்டர். ஐந்து தேநீர்க் கரண்டி அளவு. அவ்வளவு எண்ணெய் போனதற்கே 400 கிலோ இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது.

சிலிண்டரின் வாயில் தற்காலிகமாக ஓர் அடைப்புக் குழாயை மாட்டி, மேடையை மீண்டும் உயர்த்தி, அடைப்பை மூடினார் பெரியவர். மறுபடி சுண்ணாம்புக் குறி; மறுபடி அரை மணி. இம்முறை மேடை குறியைவிட்டு அசையவில்லை. அப்படியானால் சிலிண்டரில் பழுதில்லை. எண்ணெய் நெம்பு வால்வின் உள்வழியாகவே தொட்டிக்குத் திரும்பியிருக்கிறது. வால்வு கெட்டதா என்று உடைமையாளர் கேட்டார்.

"கெடவில்லை, தம்பி. உள்ளே வழுக்கி நகரும் உருளைக்கு இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் எண்ணெய் கசியும். புதிய வால்வும் கசியும், கொஞ்சம் மெதுவாக" என்றார் பெரியவர்.

உடைமையாளர் சுண்ணாம்புக் குறிகள் இரண்டையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு வால்வு என்ன விலை இருக்கும் என்று கேட்டார். பட்டறைப் பையன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். அவன் திரும்பி வரும்வரை, மணல் மூட்டைகள் மரக்கட்டைகளின்மேல் இறக்கி வைக்கப்பட்டிருந்தன.